பழநி பாதயாத்திரை: காலில் கொப்புளம் வராமல் இருக்க…

கேள்வி: தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லில் இருந்து பழநிக்கு முதல்முறையாக வெறுங்காலுடன் நடக்கப் போகிறேன். ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் பாதம் கொப்புளித்துவிடும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். அதை மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பலர் முதல் நாள் உற்சாகத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிட்டு, மறுநாள் காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறு வாரம் முன்பே வெறுங்காலில் நடந்து பழகுங்கள். முதலில் மண் தரை, பிறகு தார்ச்சாலை.

தை மாதமானாலும் நண்பகலில் தார் கொதிக்கும். பதினொன்று முதல் மூன்று மணி வரை நிழலில் படுத்துவிடுவது நல்லது. சூடு தாங்காமல் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உடனே நடப்பதுதான் பெரிய தவறு. ஊறிய தோல் மெத்தென்று ஆகி, சாலையில் உரசி உரிந்துவிடும். ஈரத்தைத் துடைத்து, விரலிடுக்கு காய்ந்த பிறகே கிளம்புங்கள்.

சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். பெரிதாகி வலித்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிடுங்கள். மேல்தோலை மட்டும் கிழிக்கவே கூடாது, அதுதான் இயற்கையான கட்டு. கிருமிநாசினிக் களிம்பு தடவி, துணி வைத்துப் பிளாஸ்டர் ஒட்டுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். கொப்புளத்தை நீங்களே குத்தவும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. காலணியோடு நடந்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

இரவில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கமாக, வரிசையாகச் செல்லுங்கள். நீங்கள் சுமக்கும் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் அவசியம்.