மோதிய விமானத்தில் பாராசூட்டை எப்போது இழுப்பது?

கேள்வி: அமெரிக்காவில் சிரஸ் எஸ்ஆர்20 விமானத்தில் பைலட் பயிற்சி எடுக்கிறேன். அதே ஏர்போர்ட்டில் ஹெலிகாப்டர் பயிற்சியும் நடக்கிறது. நடுவானில் இரண்டும் மோதிக்கொண்டால் தப்பிக்க வழி உண்டா? மோதியதும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வழி உண்டு. ஆனால் இரு தரப்புக்கும் சமமாக இல்லை. 2014 அக்டோபர் 23 அன்று மேரிலாந்தின் ஃபிரெடெரிக் ஏர்போர்ட் அருகே ஒரு சிரஸ் எஸ்ஆர்22 விமானமும் ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரும் மோதின. சிரஸ் விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது. அதனால் சிரஸில் இருந்த இருவரும் விமானத்தோடு பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்த மூவரும் இறந்தார்கள். 2021 அக்டோபரில் அரிசோனாவின் சாண்ட்லரிலும் அப்படித்தான்: பைப்பர் விமானம் பத்திரமாக ரன்வேயில் இறங்கியது, ஆர்22 ஹெலிகாப்டரில் இருந்த இருவரும் உயிரிழந்தார்கள். இறக்கையின் நுனி போனாலும் மீதி இறக்கை விமானத்தைத் தாங்கக்கூடும். மேலே சுழலும் ரோட்டர் பிளேடு முறிந்தால் ஹெலிகாப்டரைக் காப்பாற்ற பைலட்டால் முடிவது எதுவுமில்லை.

மோதியதும் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விமானம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? ஸ்டிக்கைத் திருப்பியும் இறக்கைகள் மட்டத்துக்கு வரவில்லை, மூக்கு நேராக நிற்கவில்லை என்றால் உடனே பாராசூட்டை இழுங்கள். என்ன உடைந்தது என்று திரும்பிப் பார்க்காதீர்கள், ரேடியோவைத் தொடாதீர்கள். காரணம் உயரக் கணக்கு. சர்க்யூட், அதாவது இறங்கவும் ஏறவும் ரன்வேயைச் சுற்றிப் பறக்கும் பாதை, தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கும். நேராகப் பறக்கும்போது இழுத்தால் பாராசூட் பிடிப்பதற்குள் பழைய மாடல்களில் சுமார் 400 அடி, ஜி5 எனப்படும் ஐந்தாம் தலைமுறை முதலான மாடல்களில் 561 அடி இறங்கியிருப்பீர்கள். ஸ்பின்னில் (விமானம் சுழன்றபடி விழும் நிலை) ஒரு சுற்று சுற்றிவிட்டு இழுத்தால் 900 அடிக்கு மேல் போய்விடும். அதாவது சர்க்யூட்டில் யோசிக்க நேரமே கிடையாது. 2,000 அடிக்குக் கீழே கட்டுப்பாடு போனால் இழுப்பது என்ற முடிவை டேக்-ஆஃபுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

இழுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தலைக்கு மேலே கூரையில் உள்ள மூடியைப் பிய்த்தெடுங்கள். சிவப்புக் கைப்பிடியை அதன் குழியிலிருந்து வெளியே எடுத்தால் கேபிள் சுமார் 6 அங்குலம் தொய்வாக வரும். அதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு கைகளாலும் பிடித்து, பாராசூட்டை வெளியே இழுக்கும் ராக்கெட் வெடிக்கும் வரை நேர் கீழ்நோக்கிச் சீராக, விடாமல் இழுக்க வேண்டும். 20 கிலோ வரையோ அதற்கு மேலோ பலம் தேவைப்படலாம். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் அதிக பலம் கேட்கும். பறக்கும் முன் பாதுகாப்புப் பின்னை எடுக்க மறந்திருந்தால் எவ்வளவு இழுத்தும் பயனில்லை.

விரிந்ததும் மூக்கு கீழே தொங்கும். சில நொடிகளில் வால் இறங்கி விமானம் மட்டமாகும். அது இயல்புதான், பதற வேண்டாம். எஞ்சினுக்கு எரிபொருள் போகாதபடி மிக்ஸ்சரை கட்-ஆஃபுக்கு இழுத்து, ஃபியூயல் செலக்டரையும் பம்பையும் மூடி, எலக்ட்ரிக்கல் சுவிட்சுகளை அணையுங்கள். பெல்ட்டை இறுக்குங்கள். கைகளை மடியில் வைத்து ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பிடித்து, முதுகை இருக்கையோடு நிமிர்த்தி ஒட்டிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் தரையில் மோதுவீர்கள். அந்த அடியை முதுகெலும்புதான் வாங்கும், ஆகவே குனியாதீர்கள். முழுதாக நின்றதும் இறங்கி, காற்று வரும் திசையை நோக்கி விலகுங்கள். பலத்த காற்றில் பாராசூட் விமானத்தை இழுத்துக்கொண்டு போகும்.

விமானம் பேச்சைக் கேட்டால் கதையே வேறு. எதையும் மாற்றாதீர்கள், முக்கியமாக இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பைத் தொடாதீர்கள். அடிபட்ட பக்கத்து ஃபிளாப் சிக்கி மறுபக்கம் மட்டும் இறங்கினால் விமானம் புரண்டுவிடும். புரொப்பெல்லர் அடிபட்டு கடுமையாக அதிர்ந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். இல்லையென்றால் அது தாங்கியிலிருந்தே பிய்ந்துவரலாம். ரேடியோவில் "மேடே" என்று ஆபத்து அழைப்பு சொல்லி, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700 வையுங்கள். போதிய உயரம் இருந்தால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறதோ, அதைவிடக் கூடுதல் வேகத்திலேயே கடைசி வரை வந்து இறங்குங்கள். காற்றழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்க உதவும் பைட்டாட் குழாய் அடிபட்டிருந்தால் வேகமானி பொய் சொல்லும் என்பதையும் மறக்காதீர்கள். நீளமான ரன்வே அவசியம்.

ஹெலிகாப்டர் பயிற்சி எடுக்கும் நண்பர்களிடமும் இதைச் சொல்லுங்கள். வால் ரோட்டர் மட்டும் போயிருந்தால் வாய்ப்பு இருக்கிறது. ஆர்44 என்றால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், இடது பெடலை மிதித்தும் நிற்காது. உடனே திராட்டிலை மூடி, கலெக்டிவை (ஏற்ற இறக்கத்துக்கான நெம்புகோல்) இறக்கி ஆட்டோரொட்டேஷனுக்கு, அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றே ரோட்டரைச் சுழற்ற இறங்கும் நிலைக்குப் போக வேண்டும். முடிந்தவரை வேகத்தை 70 நாட் (மணிக்குச் சுமார் 130 கி.மீ.) என்ற அளவுக்குக் குறையாமல் வைத்திருங்கள்.

ஃபிரெடெரிக்கில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. கீழே மூன்று ஹெலிகாப்டர்கள் இருப்பதாக ஏர்போர்ட்டின் கட்டுப்பாட்டு டவர் சொன்னது. இரண்டு கண்ணில் படுவதாக சிரஸ் பைலட் பதில் சொன்னார். பயணம் தொடர்ந்தது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் "மூன்றாவது தெரியவில்லை" என்று தெளிவாகச் சொல்லி, அது எங்கே என்று கேளுங்கள். விடை வரும் வரை சர்க்யூட்டுக்குள் நுழையாதீர்கள். எஸ்ஆர்20 தாழ்இறக்கை விமானம், கீழே இருப்பது உங்களுக்கு மறைந்துவிடும். மோதப்போகும் பொருள் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நின்று பெரிதாகும். அதைக் கண்டு, புரிந்து, விமானம் விலகும் வரை 12.5 நொடி ஆகும் என்கிறது அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ. வானத்தை 10 டிகிரிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்துங்கள். இறங்கும் முன் இறக்கையைச் சற்றுச் சாய்த்துக் கீழே பாருங்கள்.

பாராசூட் இழுக்காமலே தரையிறங்கினால் பின்னைத் திரும்பச் செருகுங்கள். அடிபட்ட விமானத்தில் வெடிக்காத ராக்கெட் இருப்பதை மீட்பு வீரர்களிடம் முதல் வேலையாகச் சொல்லி, பின்கண்ணாடிக்குப் பின்புறம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.