இருமினால் சிறுநீர் கசிகிறது: தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். இது இரண்டாவது குழந்தை, ஏழாம் மாதம். இருமினாலும் கூடையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. மலையில் மலசலகூடம் கிடையாது. தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார் மாமியார். செய்யலாமா?

பதில்: கூடாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கலும் வரும், முக்க முக்கக் கசிவு அதிகமாகும். குறைப்பதென்றால் சாயத்தண்ணீரை, அதாவது தேநீரை, குறையுங்கள். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டிவிடும். மலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை கழித்துவிடுங்கள். வெட்கப்பட்டு மாலைவரை அடக்க வேண்டாம்.

வளரும் கர்ப்பப்பை சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. அதைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் முதல் பிரசவத்திலேயே தளர்ந்திருக்கலாம். கர்ப்பகால ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. இது பல தாய்மாருக்கு வருவதுதான்.

அந்தத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே, மேல்நோக்கி இறுக்குங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சையும் பிடிக்கக் கூடாது. முதலில் 3 விநாடி போதும், பழகியபின் 10 விநாடிவரை போகலாம். ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு 3 வேளை. நின்றுகொண்டே செய்யலாம், பக்கத்து நிரையில் இருப்பவருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். இருமல் வருகிறதென்று தெரிந்தால் முதலில் இறுக்கி, பிறகு இருமுங்கள். கூடையைத் தூக்கும்போதும் அப்படியே. பலன் தெரிய 3 மாதங்கள்கூட ஆகலாம். பிரசவத்துக்குப் பின்னும் தொடருங்கள்.

கூடை நிரம்பும்வரை சுமக்காமல், பாதியிலேயே கொட்ட முடியுமா என்று கேளுங்கள். இலேசான வேலைக்குக் கடிதம் தர முடியுமா என்று கிளினிக்கில் விசாரிப்பதிலும் தவறில்லை.

எரிச்சல், காய்ச்சல், விலாப்பக்க வலி இருந்தால் தொற்றாக இருக்கலாம். சிறுநீரைச் சோதிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறலாம், குறைமாதப் பிரசவமும் நேரலாம்.

எவ்வளவு இறுக்கினாலும் நிற்காமல் நீர் வழிந்துகொண்டே இருந்தால், சிறுநீர் வாடையும் இல்லாவிட்டால், அது பனிக்குட நீராக இருக்கக்கூடும். அப்போது கொழுந்து நிறுக்கும் நேரம்வரை காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் இலவச ஆம்புலன்ஸை அழைத்து நேரே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.