முதியோர் இல்லத்தில் எந்தப் பாட்டைப் பாடுவது?

அன்புள்ள தங்கைக்கு,

ஜப்பானின் சைத்தாமாவில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகின்றன என்றும், செப்டம்பர் மூன்றாம் திங்கட்கிழமை வரும் முதியோர் தினத்தன்று உங்களையும் கரோக்கே பாடச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், எதைப் பாடினால் அங்குள்ள தாத்தா பாட்டிகள் மகிழ்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். நான் தோக்யோவுக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வட்டாரத்துப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் மாதம் ஒரு முறை நடக்கும் கரோக்கேக்கு உதவியாகப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன் என்பதால், கண்டு தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதியவர்கள் என்றாலே எங்கா பாட்டுத்தான் பிடிக்கும் என்று உங்களிடம் பலரும் சொல்வார்கள். எங்கா என்பது குரலை நடுங்கவிட்டு, பிரிவையும் ஊர்நினைவையும் மதுவையும் பாடும் வகை. அது பலருக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் அல்ல. அவரவர் இருபது வயதில் வானொலியில் எது ஒலித்தது என்று கணக்குப் பாருங்கள். இன்று தொண்ணூறைத் தொட்டவர் போர் முடிந்தபோது பத்து வயதுச் சிறுவர்; 1946இல் இசைத்தட்டாக வந்த 'ரிங்கொ நொ உத', 1949இல் வந்த 'அஒய் சன்ம்யகு' ஆகிய பாடல்கள் அவருடைய பிள்ளைப்பருவத்தோடு ஒட்டியவை. எழுபத்தைந்து வயதானவரோ, 1966இல் பீட்டில்ஸ் குழுவினர் தோக்யோவின் புதோகான் அரங்கில் பாடியபோது பள்ளி மாணவர். இருவரையும் ஒரே பாட்டால் மகிழ்விக்க வேண்டுமென்றால், நடுவில் நிற்கும் பாட்டு வேண்டும்.

அப்படிப்பட்ட பாட்டு 'உஎ ஒ முயிதெ அருகோ'. 1961இல் சகமொதோ க்யூ பாடியது. 1963இல் 'சுகியாகி' என்று, ஓர் இறைச்சி உணவைக் குறிக்கும் பொருந்தாத பெயரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. கண்ணீர் சிந்தாமலிருக்க நிமிர்ந்து நடப்போம் என்பதுதான் பாட்டின் கருத்து. வேகம் நடையின் வேகம், சொற்கள் எளியவை, இடையில் சீழ்க்கை வரும் பகுதி இருப்பதால், சொற்களை மறந்துவிட்டவர்கள்கூட அங்கே சேர்ந்துகொள்வார்கள். பாடகர் 1985 ஆகஸ்டில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். பாட்டு முடிந்ததும் யாராவது அதைச் சொல்லி வருந்தினால், தவறான பாட்டைத் தேர்ந்துவிட்டோமோ என்று நீங்கள் கலங்க வேண்டாம். அவரை அவர்கள் வீட்டுப் பிள்ளை போலவே நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பாட்டுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், சென் மசாவொ 1977இல் பாடிய 'கிதகுனி நொ ஹரு'வைப் பரிந்துரைப்பேன். நான்காம், ஏழாம் சுரங்களை விட்டுவிட்டு ஐந்து சுரங்களில் நடக்கும் மெட்டு அது. மத்திமமும் நிஷாதமும் இல்லாத நம் மோகனத்தின் சுரங்களேதாம் என்பதால், இரண்டு முறை கேட்டாலே உங்களுக்குப் படிந்துவிடும். பொருளும் நமக்கு அந்நியமானதல்ல: ஜப்பானின் வடபகுதியிலிருந்து நகரத்துக்கு வந்து வாழும் ஒருவனுக்கு அம்மா அனுப்பிய சிறு பொட்டலம் வந்து சேர்கிறது; ஊருக்குத் திரும்பிப் போகலாமா என்று அவன் ஏங்குகிறான்.

1950களிலும் 60களிலும் வடகிழக்கு மாவட்டங்களில் நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி, தோக்யோவின் உவேனோ நிலையத்தில் இறக்கித் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பினார்கள். தலைநகரைச் சுற்றியுள்ள இல்லங்களில் இன்று இருப்பவர்களில் அப்படி வந்தவர்கள் உண்டு. எங்கள் நிலையத்தில் அகிதாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மைக்கையே தொடமாட்டார். நான் இந்தப் பாட்டைப் பாடி முடித்தபோது, கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தவர், "உனக்கும் அம்மாவிடமிருந்து பொட்டலம் வருமா?" என்று கேட்டார். வரும், மிளகாய்ப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வரும் என்றேன். தமக்கு வந்தது புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய் என்றும், உடன் தங்கியிருந்த பையன்கள் அந்த வாடையைக் கேலி செய்ததால் இரவில் போர்வைக்குள் வைத்துத் தின்றதாகவும் சொன்னார். அடுத்த மாதம் அவர் அந்தப் பாட்டை என்னோடு சேர்ந்து பாடினார்.

இணைந்து பாடுவதற்கு 1962இல் ஹஷி யுகிவொவும் யொஷினக சயுரியும் பாடிய 'இட்சுதெமொ யுமெ ஒ' இருக்கிறது. ஆண் பகுதியை ஒரு தாத்தாவிடம் விட்டுவிட்டு நீங்கள் பெண் பகுதியைப் பாடினால் அறையே உயிர்பெறும். மிசொர ஹிபரியின் 'கவ நொ நகரெ நொ யோ நி' எல்லோரும் போற்றும் பாட்டுத்தான். ஆனால் 1989 ஜனவரியில் அது வெளிவந்து அரையாண்டுக்குள் அவர் இறந்துவிட்டதால், அதைப் பாடும் பாட்டிகள் தங்கள் வாழ்வையே பாடுவதுபோலப் பாடுவார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். இஷிகவ சயுரியின் 'ட்சுகரு கைக்யோ ஃபுயுகெஷிகி'யை முதல் முறையே எடுக்க வேண்டாம். அதில் வரும் குரல் வளைவுகள் நம் கமகம் போலத் தோன்றினாலும், அவை மிகக் குறுகியவை, குறித்த இடங்களில் மட்டும் வருபவை. போர்க்காலப் படைவீரர் பாடல்கள் கரோக்கே கருவியில் இருந்தாலும் நீங்களாகத் தொடாதீர்கள். யாருடைய அண்ணன் எந்தக் கடலில் போனார் என்பது நமக்குத் தெரியாது.

பாட்டைத் தேர்ந்ததும் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தமக்கென்று ஒரு பாட்டு இருக்கும். கபுகி நாடக மரபிலிருந்து வந்த 'ஜூஹச்சிபன்', அதாவது பதினெட்டாம் எண் என்ற சொல்லால் அதைக் குறிப்பார்கள். வந்த புதிதில், ஒரு பாட்டி மாதந்தோறும் பாடிவந்த பாட்டை, அவருக்குப் பிடிக்குமே என்றெண்ணி அவருக்கு முன்பாகவே நான் பாடிவிட்டேன். அவர் நன்றாகக் கைதட்டினார்; தம் முறை வந்தபோது, தொண்டை சரியில்லை என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று வீடு திரும்பும்வரை எனக்கு மனம் ஆறவில்லை. எந்தப் பாட்டு யாருடையது என்று உடன் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

உச்சரிப்பைப் பற்றி அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பொதுவாக ஜப்பானியப் பாட்டில் எழுத்துக்கு ஒரு தட்டு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று நாம் படித்த கணக்கு அங்கே அப்படியே செல்லும். தோக்யோ என்ற பெயருக்கு நான்கு மாத்திரை. மாறுபடுவது ஒற்றில்தான்: நமக்கு அரை மாத்திரையான மூக்கொலி அவர்களுக்கு முழு மாத்திரை. ஆப்பிளைக் குறிக்கும் 'ரிங்கொ'வை நாம் இரண்டு தட்டில் முடித்துவிடுவோம். அவர்கள் ரி, ங், கொ என்று மூன்று தட்டுத் தட்டுவார்கள். பாட்டுப் பெயர்களை நான் குறில் நெடில் பார்த்தே எழுதியிருக்கிறேன், அப்படியே படியுங்கள். சாப்பாட்டுக்கு முன் நீங்கள் எல்லோரையும் சொல்லவைக்கும் 'ப, த, க, ர' வாய்ப்பயிற்சியை நீங்களும் சேர்ந்து சொல்லிவந்தால் நாக்கு பழகிவிடும்.

கருவியில் மதிப்பெண் போடும் வசதியை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்; எண்பது வயதுக் குரலுக்கு எண் போட்டுக் காட்டுவது எனக்குச் சரியாகப்படவில்லை. அவர்களும் சேர்ந்து பாடும் பாட்டென்றால் சுருதியை இரண்டு மூன்று படி இறக்கி, வேகத்தையும் சற்றுக் குறையுங்கள். செவிக்கருவி அணிந்தவர்களுக்கு எதிரொலி துன்பம் தரும் என்பதால் அதையும் குறைக்க வேண்டும். பாட்டின் சொற்களைப் பெரிய ஹிரகனா எழுத்தில் அச்சிட்டு மடியில் கொடுங்கள். திரையை அண்ணாந்து பார்க்கக் கழுத்து ஒத்துழைக்காதவர்கள் பலர். நீங்கள் நின்றுகொண்டு பாடாமல், சக்கர நாற்காலியின் உயரத்துக்கு அமர்ந்து பாடுங்கள். இரண்டாவது மைக் எப்போதும் அவர்கள் பக்கம் இருக்கட்டும்.

தமிழ்ப் பாட்டு ஒன்று பாடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பாடலாம். ஆனால் முதலில் வேண்டாம். அவர்களுடைய பாட்டை எல்லோருமாகப் பாடி முடித்த பிறகு, கருவி இல்லாமல், ஒரே ஒரு பல்லவி. அது தாலாட்டானால் இன்னும் நல்லது, ஏனென்றால் என்ன பாட்டு என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் அக்கா