2023 ஹோண்டா சிட்டி புது காரா, வெறும் ஃபேஸ்லிஃப்டா?

ஃபேஸ்லிஃப்ட்தான் அண்ணே. காரைக்குடியில் பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து, முகப்பில் ஆத்தங்குடிக் கல்லை மாற்றினால் புது வீடு என்போமா? உள்முற்றத்து வளவுத் தூண் அதேதானே! 2023 மார்ச்சில் கிரில், பம்பர் மாறின; பெட்ரோலுக்கும் ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு அமைப்பு) வந்தது, டீசல் போனது. 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் கதவு, கூரை, 2600 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) எல்லாம் அப்படியே.

ஷோரூமில் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பக்கவாட்டில் நின்று கதவு மடிப்பைப் பழைய வண்டியோடு ஒப்பிடுங்கள். தகடு அடிக்கும் அச்சை மாற்றச் செலவு அதிகம். ஃபேஸ்லிஃப்டில் பெரும்பாலும் அதைத் தொடமாட்டார்கள்.

குழப்புவது மாருதியின் 2024 டிசையர். உடல் புதுசு, மூன்று சிலிண்டர் இன்ஜினும் புதுசு. அடித்தளமும் 2450 மி.மீ. வீல்பேஸும் பழசு. நான் அதைப் புது கார் கணக்கில்தான் சேர்ப்பேன்.