கொடிநாளைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எப்படி?

கொடிநாள் உண்டியலோடு முடிந்துவிடுகிறது, மதுரைப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் போர்த் தியாகத்தை எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 முப்படை வீரர்களுக்கான கொடிநாள். சட்டையில் குத்தும் கொடியைப் பிள்ளை கையில் கொடுங்கள். சிவப்பு தரைப்படை, கருநீலம் கடற்படை, வெளிர்நீலம் விமானப்படை. வசூலாகும் பணம் உயிர்நீத்தவர்களின் குடும்பத்துக்கும் முன்னாள் வீரர்களுக்கும் போகிறது என்பதைச் சொல்லாமல் உண்டியல் நீட்டக் கூடாது. வகுப்புக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்தால் அது வெறும் வசூல் போட்டியாகிவிடும்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒரே ஒருவரைப் பற்றிச் சொன்னால் போதும். மேஜர் சரவணன் ராமேசுவரத்தில் பிறந்தவர். 1999 மே 29 அன்று கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலானது. அதுவரை வீட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் தாமாகவே பேசுவார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் ஒருவரை அழைக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கேள்விகளை முந்தின நாளே எழுதி வாங்கிப் பாருங்கள், "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை எழுதியிருக்கும். அதை "அங்கே எதைச் சாப்பிட்டீங்க, வீட்டுக்கு எப்படிப் பேசினீங்க?" என்று மாற்றலாம். பொம்மைத் துப்பாக்கி, செத்து விழும் நாடகம் இரண்டும் வேண்டாம். மௌன அஞ்சலி சின்ன வகுப்புகளுக்கு அரை நிமிடம் போதும், நிழலில் நிறுத்துங்கள். வகுப்பில் ராணுவ வீட்டுப் பிள்ளை இருந்தால் முதலில் அதன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.