லீவு விட்டும் ஓட்டுப் போடவில்லையே, ஏன்?

கேள்வி: திருப்பூரில் பவர்டேபிள் (பனியன் தைக்கும் மிஷின்) யூனிட் வைத்திருக்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். ஓட்டு நாளன்று லீவு விட்டேன். மறுநாள் பார்த்தால் பாதிப் பேர் விரலில் மை இல்லை. இதற்கு என்ன காரணம்? அடுத்த முறை நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்த லீவுக்குக் கூலி கொடுத்தீர்களா? பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைப்பவர்களுக்கு மிஷின் ஓடாத நாளில் கூலி கிடையாது என்பது நம்மூர் வழக்கம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 135பி பிரிவு அதை ஒப்புக்கொள்வதில்லை. லீவு நாளில் வழக்கமாகக் கூலி வாங்காதவருக்கும் அன்றைய கூலியைத் தர வேண்டும் என்கிறது. (மீறினால் அபராதம் 500 ரூபாய் வரைதான். அதனாலோ என்னவோ, பலர் இதைக் கண்டுகொள்வதில்லை.)

கூலி கொடுத்திருந்தாலும் எல்லாரும் போட்டிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். தேர்தல் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், இவர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். ஆள் இங்கே, ஓட்டு தேனியிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும். 2021-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், ஓவர்லாக் அடிப்பவர், துணிக்கட்டோடு வரும் பண்டில் சீட்டின் பின்பக்கம் எனக்குக் கணக்குப் போட்டே காட்டினார். திங்கள் ராத்திரி பஸ், திரும்பி வந்து மிஷினில் உட்கார புதன் மத்தியானம். "ஒரு ஓட்டுக்கு ரெண்டு நாள் கூலி போகுது சார்." வடமாநிலத்து ஆட்களுக்கோ பயணமே நாள் கணக்கு.

சரி, ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாமே என்றால் தயங்குகிறார்கள். ரேஷன் கார்டு போய்விடும் என்பது வீண் பயம், அது வேறு துறை. பஞ்சாயத்து ஓட்டு போய்விடும் என்பது நிஜம். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராகிறது. சித்தப்பா மகன் வார்டு மெம்பருக்கு நிற்கும்போது இங்கே ஓட்டு வைத்திருந்து என்ன பிரயோஜனம்? இரண்டு ஊரிலும் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது.

கோபத்தில் போடாதவர்களும் உண்டு. ஆனால் கொங்கு விவசாயிகள் கோபத்தை வேறு மாதிரி காட்டியதும் நடந்திருக்கிறது. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமே ஆகிவிட்டது! 2013-லிருந்து நோட்டா (யாருக்கும் என் ஓட்டு இல்லை என்ற பட்டன்) இருக்கிறது. அதில் எத்தனை விழுந்தாலும் அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயிப்பார், எதிர்ப்பு மட்டும் கணக்கில் ஏறும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், ஒவ்வொருவர் பேரும் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இருந்து, இங்கே மாற்ற விரும்பினால் படிவம் 8. பேர் அடிபட்டிருந்தால் படிவம் 6. முகவரிக்குச் சான்று கேட்பார்கள். லைன் வீட்டு ஓனர் வாடகைப் பத்திரம் தர மாட்டார், அதில் மல்லுக்கட்ட வேண்டாம். இந்த முகவரி உள்ள ஆதாரோ பேங்க் பாஸ்புக்கோ போதும்.

ஊர் ஓட்டை விட மனமில்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள். முந்தின நாள் மத்தியானமே அனுப்பிவிட்டு, ஷிப்மெண்ட் தேதியை அதற்கேற்ப இப்போதே பேசி வையுங்கள்.