காக்பிட்டில் கருவிகள் பொருத்துவது: கேள்வி பதில்

சிறு பாய்மரப் படகின் காக்பிட்டில் (உட்கார்ந்து படகை ஓட்டும் திறந்த இடம்) சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகு இருக்கும் இடத்தைக் காட்டும் திரை), ஆழமானி, வேகமானி போன்றவற்றைப் பொருத்துவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இதோ. என் படகிலும் நண்பர்கள் படகுகளிலும் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன்.

கேள்வி: 24 அடிப் படகு, வீல் கிடையாது, கையால் பிடிக்கும் சுக்கான் கட்டைதான். ஆழமானி, வேகமானி எங்கே வைக்கலாம்?

பதில்: எல்லோரும் வைப்பது கேபின் வாசலுக்கு இரண்டு பக்கமும் உள்ள சுவரில். ஆனால் கூட வருபவர்கள் முதுகு சாய்க்கும் இடமும் அதுவேதான். நாலு பேர் ஏறினால் ஒரு எண்ணும் தெரியாது. வாசலின் நகரும் மூடிக்கு மேலே இடம் இருந்தால் அங்கே வையுங்கள், யார் உட்கார்ந்தாலும் மறைக்காது. சுவர்தான் என்றால், ஆழமானியை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தெரியும்படி உயரமாக வையுங்கள். கரையோரம் போகும்போது உடனே வேண்டிய எண் அதுதான்.

துளை போடும் முன் ஒன்று செய்யுங்கள். கருவியின் அளவுக்கு அட்டை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, இரண்டு மூன்று முறை கடலுக்குப் போய் வாருங்கள். படகு சாய்ந்திருக்கும்போது, கயிறு இழுக்கும்போது, மழைக்கோட்டு போட்டிருக்கும்போது அட்டை தெரிகிறதா? யாருடைய முழங்கை அதில் இடிக்கிறது? கூடவே கருவிக்கு மின்சாரம் கொடுத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பாருங்கள். சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகிவிடும்.

கேள்வி: காம்பஸ் பக்கத்திலேயே பிளாட்டரை வைத்தால் பார்க்க வசதி. வைக்கலாமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் காம்பஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று சென்டிமீட்டரில் போட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். ஸ்பீக்கர் உள்ள எதுவும் காந்தம்தான், படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் ரேடியோவும் சேர்த்து. சுவருக்கு மறுபக்கம் கேபினுக்குள் இருந்தாலும் ஃபைபர் கிளாஸ் காந்தத்தைத் தடுக்காது. நான் ஒருமுறை கேபினுக்குள் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, சுவரின் வெளிப்பக்கம் காம்பஸ் இருப்பதை மறந்துவிட்டேன். அடுத்த பயணத்தில் கரை தெரிய வேண்டிய இடத்தில் தெரியவில்லை. அன்று மூடுபனி இல்லாததால் தப்பித்தோம்.

ஒயரும் கவனிக்க வேண்டிய விஷயம். மின்சாரம் ஓடும் ஒயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் இரண்டின் புலமும் கிட்டத்தட்ட அழிந்துவிடும். எல்லாம் முடிந்தபின் படகைக் கட்டி வைத்து, கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, காம்பஸுக்குள் திசை காட்டும் வட்டு அசைகிறதா பாருங்கள். படகைத் திருப்பி, குறைந்தது வடக்கு, கிழக்கு இரண்டு திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் தெரியாத பிழை இன்னொரு திசையில் தெரியும்.

கேள்வி: ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும் ரம்பம்) வைத்துச் சுவரில் வெட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மறுபக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒயர், அலமாரி, படுக்கையில் தலை வைக்கும் இடம் எல்லாம் இருக்கலாம். கருவியின் ஆழத்தோடு கேபிள் வளைய இடமும் வேண்டும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டிரில்லை முதலில் ரிவர்ஸில் ஓட்டி ஜெல்கோட்டை (மேலே உள்ள பளபளப்புப் பூச்சு) சீவிவிட்டு, அப்புறம் முன்பக்கமாக ஓட்டுங்கள். ஓரம் உடையாது.

பல படகுகளில் சுவரின் நடுவே பால்சா கட்டையோ பிளைவுட்டோ இருக்கும். வெட்டிய ஓரத்தில் அது வெளியே தெரிந்தால், ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே சுரண்டி எடுத்துவிட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் நிரப்புங்கள். ஸ்க்ரூ துளைக்கும் அப்படித்தான்: பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, காய்ந்தபின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே போய்க் கட்டை மக்கிவிடும். வெளியே தெரியும்போது சுவரையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: சிலிக்கான் போட்டு ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். கருவியோடு வரும் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் தடுக்கும் பட்டை) போதும். சிலிக்கான் போட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது.

கேள்வி: பாலியூரித்தேன் பசை?

பதில்: அதுவும் வேண்டாம். கருவியைக் கழற்றும் நாள் வரும், அன்று உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: என்எம்ஈஏ 2000 (படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள் முறை) இணைப்பு கொடுத்தேன். காற்றுமானி வருகிறது, போகிறது.

பதில்: மின்சாரத்தை அணைத்து, இரண்டு டேட்டா ஒயருக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் (எல்லாக் கருவியையும் இணைக்கும் முதுகெலும்புக் கேபிளின் இரண்டு முனையிலும் மாட்டும் மின்தடை) இல்லை, 40 என்றால் ஒன்று அதிகம். முதுகெலும்பிலிருந்து ஒரு கருவிக்குப் போகும் கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. பாய்மர உச்சி வரை போகும் கேபிள் அதைவிட நீளம் என்பதால், அதை முதுகெலும்புக் கேபிளின் ஒரு முனையாக்கி, டெர்மினேட்டரை அந்த முனையில் வையுங்கள்.

கேள்வி: பிளாட்டர் காக்பிட்டில் எதற்கு? கேபினுக்குள் வையுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர்கள் எதிரே வரும் படகைப் பார்ப்பதில்லை.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். இரவில் வெளிச்சமான திரையைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆனால் தனியாக ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் சுக்கானை விட்டுவிட்டு உள்ளே இறங்குவது அதைவிட ஆபத்து.

கேள்வி (அதே நண்பர்): தனியாக ஓட்டுபவர் காகித வரைபடத்தை மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

பதில்: நானும் வைத்திருக்கிறேன். ஆனால் குறுகிய வாய்க்காலில் நீரோட்டத்தோடு போகும்போது, மடியில் விரித்துப் பார்க்க நேரம் இருக்காது.

கேள்வி (இன்னொருவர்): சண்டை எதற்கு? வாசலில் பிளாட்டரைத் தாங்கும், திரும்பும் கை ஒன்றைப் பொருத்தினால் இரண்டுக்கும் ஆகும்.

பதில்: சரியான பதில். என் படகிலும் அதுதான். வேண்டும்போது வெளியே திருப்பி, வேண்டாதபோது உள்ளே தள்ளிவிடலாம். கேபிள் மடங்கும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். திரும்பும் வழியெல்லாம் காம்பஸிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். முதலில் கேட்ட நண்பருக்கு: வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், தலையை நிமிர்த்தி வையுங்கள். அதில் நாம் இருவரும் ஒன்றுதான்.

கேள்வி: ஜி.பி.எஸ் ஆன்டெனா பாய்மர உச்சியிலா?

பதில்: கூடாது. படகு ஆடும்போது உச்சி பெரிதாக ஆடும், வேகமும் திசையும் தாறுமாறாகக் காட்டும். வானம் தெரிகிற தாழ்ந்த இடம் போதும்.

கேள்வி: ரேடார் எந்தக் கம்பத்தில்?

பதில்: ரேடார் வேலை நான் செய்ததில்லை. பொருத்திப் பழக்கமுள்ளவரிடம் கேளுங்கள்.

கேள்வி: செல்போனுக்கு மேக்னட் ஹோல்டர் காம்பஸ் பக்கத்தில் வைக்கலாமா?

பதில்: மேலே காம்பஸ் பற்றிச் சொன்னதைத் தயவுசெய்து படியுங்கள். இதையே இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், நால்வருக்கும் பதில் இதுதான்: காம்பஸ் அருகே காந்தம் வேண்டாம். கிளிப் உள்ள ஹோல்டர் வாங்குங்கள். சுக்கான் கட்டையில் தானியங்கி பைலட் இருந்தால் அதனுள்ளும் ஒரு காம்பஸ் உண்டு, அதன் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

கேள்வி: ஃபியூஸ் எங்கே?

பதில்: பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் இடையில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை.